சுவரைப் பார்த்துச் சொன்ன சேதி

இதை உங்கள் முன்னால் நின்று பேசும்படிதான் கேட்டார்கள். சிட்னியில் மருந்து ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கூடுகிறார்கள், ஓய்வு பெற்ற நீங்கள் வந்து நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும், மதியச் சாப்பாடும் உண்டு என்றார்கள். சாப்பாட்டுக்கு வருகிறேன், பேச்சை எழுதித் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் என் முகம்.

என் முகத்தில் எதுவும் மறைந்து நிற்காது. மனதில் ஓடுவது அப்படியே நெற்றிக்கு வந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கணவர் சட்டையை மாற்ற உள்ளே போய்விடுவார். கெல்லிவில்லில் இருக்கும் என் மகள் புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கியபோது படத்தை அனுப்பி, வீடியோவில் வராதே அம்மா, எழுதிப் போடு என்றாள். "ரொம்ப அழகு" என்று எழுதிப் போட்டேன். எழுத்தில் இது ஒரு சௌகரியம். இப்போதும் நீங்கள் என்னைப் பார்க்காமல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் நிம்மதியாக இருக்கிறேன்.

இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலை ரகசியம் காக்கிற வேலை.

முதல் வாரத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போடுவோம். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, அவரைச் சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் இல்லாத குணமெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். நான் சொல்லப்போவது முழங்கால் வலிக்கான ஓர் ஊசியைப் பற்றி. மாதம் ஒருமுறை வயிற்றில் போடுவது. மருந்து கொஞ்சம் பால் நிறமாக இருக்கும், உப்புநீர் தெளிவாக இருக்கும். ஆகவே ஊசியை நிரப்பி, குழலுக்கு மறைப்புச் சுற்றி, கதவைச் சாத்திக்கொண்டு போட ஒருத்தி வேண்டும். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவளை அன்பிளைண்டட் நர்ஸ் என்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் பிளைண்டட், அதாவது கண்ணைக் கட்டிக்கொண்டவர்கள், அவள் ஒருத்திதான் கண் திறந்தவள். கேட்பதற்கு ஏதோ ஞானம் பெற்றவள் மாதிரி இருக்கும். நிஜத்தில் வாயைப் பொத்திக்கொண்டு திரிகிற பிழைப்பு.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது திறமையால் இல்லை. யார் செய்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். வெளியே குப்பைத்தொட்டியிலிருந்து ஓர் ஐபிஸ் கொக்கு முழு சாண்ட்விச் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்காக நான் தலையை நிமிர்த்தியிருந்தேன். நிமிர்ந்த தலைக்கு வேலை வந்தது.

கீழ்த்தளத்தில் மருந்தகத்தில் ஒரு பழைய பார்மசிஸ்ட் இருந்தார். இந்த மாதிரி ரகசியங்களை எத்தனையோ ஆய்வில் காத்தவர். முகத்துக்கு என்ன செய்வது என்று அவரிடம் போய்க் கேட்டேன். ஊசி போடும்போது ஊசியை நினைக்காதே, ராத்திரி என்ன சமையல் என்று நினைத்துக்கொள் என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தபடி ஒரு பெண்மணிக்கு ஊசி போட்டேன். அவர் பயந்துபோய், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். அடுத்தவர் வருவதற்குள் மோர்க்குழம்பு என்று முடிவாகிவிட்டது. என் முகம் மலர்ந்ததைப் பார்த்து அந்த மனிதர், எனக்கு நிஜ மருந்துதான் விழுந்திருக்கிறது என்று வரவேற்பறை வரை சொல்லிக்கொண்டே போனார். பார்மசிஸ்டிடம் திரும்பப் போனேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சமையலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வா என்றார்.

இப்படியே சமாளித்திருப்பேன். தேநீர்தான் கெடுத்தது.

எங்கள் பிரிவின் தலைமை டாக்டர் நல்ல மனிதர், ஆனால் சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவர். ஒருநாள் டீரூமில் எல்லாரும் இருந்தோம். மருந்துக் கம்பெனியிலிருந்து எங்கள் வேலையைச் சரிபார்க்க வருகிற மானிட்டர் அம்மாளும் இருந்தார். நடைபாதை விளிம்பில் ஏற முடியாமல் இருந்த ஒரு பெண்மணி, போன வாரம் பொண்டாய் கடற்கரையிலிருந்து கூஜி வரை குன்றோரமாகவே நடந்து போயிருக்கிறாள், இது மருந்து இல்லையென்றால் என் வீட்டை எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். அப்போது என் வாய் நிறையத் தேநீர் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர் மூக்கு வழியாக வந்தது. தேநீர் சில சமயம் தப்பான வழியில் போகும் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் டாக்டர் என்னைப் பார்த்தார், மானிட்டர் டாக்டரைப் பார்த்தார், டாக்டருடைய முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று.

மானிட்டர் எல்லாரையும் உட்காரவைத்துக் கண்டித்தார். யாருக்கு எது என்று கசிந்தது தெரிந்தால் எங்கள் மருத்துவமனையையே ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அதற்குப் பிறகு ரேச்சல் சட்டம் போட்டாள்.

ரேச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் அவள்தான். நோயாளிகளைக் கூப்பிடுவது, நேரம் குறிப்பது, ரத்த மாதிரிக் குழாய்களை ஆய்வகத்துக்கு அனுப்புவது, டாக்டர் மறந்ததை எல்லாம் நினைவூட்டுவது எல்லாம் அவள். பென்ரித்தில் பிறந்து வளர்ந்தவள். தினமும் ஒரே சாண்ட்விச், தினமும் அதே நாற்காலி. ஒன்றைச் செய்யாதே என்றால் அதன் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகமாட்டாள். அவள் பேசியது எல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவள் போட்ட சட்டம், என்னோடு யாரும் ஆய்வைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மட்டும்தான். அது நியாயம். பிறகு நோயாளிகளைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்று ஆயிற்று. வார இறுதி எப்படிப் போயிற்று என்று கேட்டு, நான் வேறு எதற்கோ முகம் சுளித்து, அது ஊசியைப் பற்றியதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் விட்டார்கள். இதற்கெல்லாம் யாரும் உத்தரவு போடவில்லை, அதுவாக வளர்ந்தது. காலையில் ரேச்சல் என் செருப்பைப் பார்த்துக் குட் மார்னிங் சொல்வாள். டாக்டர் என்னைத் தூரத்தில் கண்டாலே பக்கத்தில் இருக்கிற கதவைத் திறந்து உள்ளே போய்விடுவார். ஒருமுறை அது துடைப்பம் வைக்கிற அலமாரி அறை. நான் கடந்து போகும் வரை வெளியே வரவில்லை. உள்ளே வாளி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டேன். டீரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று, கையுறைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொள்வேன். சிரிப்பாகச் சொல்கிறேன், அன்றைக்குச் சிரிப்பாக இல்லை. யார் யாருக்கு எது போகிறது என்று தெரிவது ஒரு பாரம். குணமாகிறது என்று நம்பி வருகிறவருக்கு உப்புநீரைப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்வது சும்மா இல்லை. அதை இறக்கிவைக்க ஓர் ஆள்கூட இல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய பாரம். நார்த்மீடில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அழுவேன், பச்சை விழுந்ததும் நிறுத்திக்கொள்வேன். கண்ணாடி முன் நின்று முகத்தைப் பழக்கிப் பார் என்றார் என் கணவர். பழக்கினேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஊசி போடப்போகிற முகமாகத்தான் இருக்கிறது, வேறு ஏதாவது முயற்சி செய் என்றார்.

அந்த மாதங்களில் அந்தக் கட்டடத்தில் என்னோடு வாய் திறந்து பேசியவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆய்வில் சேர்ந்திருந்த சிவபாலன் அண்ணா.

யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹோம்புஷில் லிப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் வீடு. ஊசி அறைக்குள் வந்து நான் தமிழ் என்று கண்டதும், கடவுளே ஏற்பாடு செய்து அனுப்பியதாக முடிவு செய்துகொண்டார். தனக்குப் போவது மருந்தா தண்ணீரா என்று அறிவதுதான் அவருடைய ஒரே நோக்கம். நேராகக் கேட்கமாட்டார்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா என்னை ஒருக்காப் பாருங்கோ, நான் விளங்கிக்கொள்ளுறன்" என்பார்.

நான் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் வயிற்றை மட்டும் பார்ப்பேன். வயிற்றைப் பார்த்தபடியே ஊருலகம் எல்லாம் பேசுவோம். அவர் மனைவி சமையலில் உப்பைக் குறைத்தது, மகள் கனடாவில் வீடு மாறியது, பஸ் ஓட்டிய காலத்தில் சில்லறை இல்லாமல் ஏறியவர்கள் சொன்ன பொய்கள். மாதத்துக்கு மாதம் முழங்கால் நன்றாகிக்கொண்டே வந்தது. நடுவில் நிற்காமல் மூன்று மாடி ஏறுகிறேன் என்றார். அடுத்த மாதம் அரிசி மூட்டையோடு ஏறினேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எது போயிற்று என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

ஒருமுறை கனடாவுக்குப் போய்விட்டு வந்து ஊசிக்கு வந்தார். அன்று பரிசோதனை கிடையாது, கேள்வி மட்டும்தான். உடம்புக்கு ஏதாவது புதிதாக உண்டா என்று ரேச்சல் கேட்டிருக்கிறாள். எல்லாம் குட் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து படுத்தார். சட்டையைத் தூக்கிக்கொண்டு காலை நீட்டும்போது பல்லைக் கடித்தார். நான் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். என் முகத்தை அவர் படிப்பது போலவே எனக்கும் கொஞ்சம் படிக்கத் தெரியும். கால்சட்டையை மேலே இழுக்கச் சொன்னேன்.

இடது கெண்டைக்கால் வலது காலைப் போல ஒன்றரைப் பங்கு இருந்தது. தொட்டால் சூடு. ஆய்வுக்கு வருவதற்கு முன் வருஷக்கணக்கில் வார்டில் நின்றவள் நான். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இப்படி ஒரு கால் என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், அது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடலாம். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"ஊசி போடேல்லையோ?" என்றார்.

"இப்ப வேணாம்ணா. இது எப்பலேர்ந்து இருக்கு?"

"வந்ததிலயிருந்து. பிளேன்ல ஒரே இருப்பு இருந்தது, அதாலதான். டொக்டருக்குச் சொல்லிப்போடாதேயுங்கோ தங்கச்சி. சொன்னா என்னை இதில இருந்து எடுத்துப்போடுவினம். ஊசி இல்லாட்டி நான் என்னெண்டு படி ஏறுறது?"

சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இஞ்ச உங்களோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் ஒருத்தன்தான் கதைக்கிறன். எனக்கு இதுகூடச் செய்யமாட்டியளோ?"

அதை அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தார் என்றும் சொல்லமாட்டேன், முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ளக் கையில் கிடைத்ததை எடுத்தார். காலை ஆட்டாமல் படுத்தே இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

நடைவழியின் கோடியில் ரேச்சல் நின்றாள். ஊசி போடும் நேரத்தில் அந்தக் கதவு திறக்கக்கூடாது. அது திறக்கிறது, உள்ளேயிருந்து நான் வருகிறேன், என்னோடு என் முகமும் வருகிறது. என்ன தெரிந்ததோ, அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காதே என்றாள். அவர் கால் என்று ஆரம்பித்தேன். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, நான் பிளைண்டட், நான் பிளைண்டட் என்று சொன்னபடி பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள். நான் ஓர் அடி வைத்தால் அவள் ஓர் அடி பின்வாங்குகிறாள். சத்தம் கேட்டு டாக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், என் முகத்தைக் கண்டார், கதவைச் சாத்தினார். போய்த் தட்டினேன்.

"ஊசி சமாசாரமாக இருந்தால் மானிட்டரிடம் சொல்" என்றார் உள்ளேயிருந்து.

"இது ஊசியைப் பற்றி இல்லை டாக்டர்."

"ஊசியைப் பற்றி இல்லை என்பதே ஒரு தகவல்தான். மேலே பேசாதே."

படித்த மனிதர்கள். ஒருத்தி காதை அடைத்துக்கொண்டு நிற்கிறாள், ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளுக்கு இன்னது போகிறது, வந்து பாருங்கள் என்று கத்தியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் இத்தனை மாதம் நான் ஸ்டோர் ரூமில் சாப்பிட்டது வீண், அவர் ஏறி இறங்கிய படியெல்லாம் ஆய்வுக் கணக்கில் வீண். கேட்கும்வரை நடைவழியில் துரத்திக்கொண்டிருந்தால் உள்ளே அந்தக் கால் காத்திருக்காது. இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று யோசித்தேன். நான் சொல்வதற்கு இல்லை, இந்த முகத்துக்குத்தான். அப்படியானால் முகத்தை எங்காவது வைத்துவிட வேண்டியதுதான்.

நடைவழிச் சுவரில் கை கழுவும் முறையைக் காட்டும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் மூக்கு இடிக்கும்படி திரும்பி நின்றுகொண்டேன். ரயில் நிலையத்தில் தாமதம் அறிவிக்கிற குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், உரக்கச் சொன்னேன்.

"இரண்டாம் அறையில் சிவபாலன் இருக்கிறார். இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. விமானத்தில் வந்ததிலிருந்து வலி. இன்று ஊசி போடவில்லை. மருந்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கண் கட்டிய யாராவது வந்து காலைப் பாருங்கள்."

என் முதுகுக்குப் பின்னால் ரேச்சலின் காலணி ஓடியது. டாக்டரின் கதவு திறந்து, அவரும் ஓடினார். நான் திரும்பவில்லை. துப்புரவு வண்டியோடு வந்த ஒருவர் நின்று, எல்லாம் சரிதானே என்று கேட்டார். வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அன்று ரயிலேறிப் போய் மூன்று மாடி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். சிகிச்சை உடனே தொடங்கியது. ஆய்வு ஊசி நின்றது. சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் நடைவழியில் நின்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரியானதைச் செய்தோம் என்று தெரிந்தும் அன்றைக்கு மாலை ஒரு சிவப்பு விளக்கு போதவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் மானிட்டர் வந்தார். என்ன நடந்தது என்று டாக்டர் நேர்மையாகவே சொன்னார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது உட்பட. எல்லாரும் திட்டு வாங்கத் தயாராக இருந்தோம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கண்ணைத்தான் கட்டச் சொன்னேன். காதைக் கட்டச் சொன்னது யார்?"

நோயாளியின் உடம்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் கேட்டே ஆக வேண்டும், முகம் சிக்கல் என்றால் முகம் சுவரைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது. கை கழுவும் படத்தை டாக்டரே கொஞ்சம் உயர்த்தி ஒட்டினார், என் மூக்குக்கு இடம் விட்டு. முதலில் அவசரச் சேதிகளை மட்டும் சுவரிடம் சொன்னேன். பிறகு ப்ரிட்ஜில் பால் தீர்ந்துவிட்டது என்றேன். பிறகு வார இறுதியில் என் கணவர் புல்வெட்டும் எந்திரத்தைப் பூச்செடிக்குள் விட்டதைச் சொன்னேன். பின்னால் நின்று சிரித்தார்கள். வேறு பிரிவிலிருந்து வருகிறவர்கள், ஒருத்தி சுவரைப் பார்த்துப் பேசுவதையும் அவள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் தலையாட்டுவதையும் பார்த்துவிட்டு, லிப்டை விட்டுப் படியில் இறங்கிப் போனார்கள்.

சாப்பாடு மட்டும் ஸ்டோர் ரூமிலேயே தொடர்ந்தது, எனக்கும் பழகிவிட்டது. ஒருநாள் மதியம் கதவு திறந்தது. ரேச்சல் உள்ளே வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கையுறைப் பெட்டிகளுக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, அவற்றிடம் பேச ஆரம்பித்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த இன்னோர் ஆய்வு புற்றுநோய்க்கானது. அதில் ஒருவருக்கு அடுத்த வாரம் வர வேண்டும் என்று நினைவூட்டப் போன் செய்திருக்கிறாள். மனைவி எடுத்திருக்கிறார். வழக்கமான உற்சாகக் குரலில், எப்படி இருக்கிறீர்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாள். அவர் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. இவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்தம்மா என்னைத் தேற்றினார்" என்றாள் கையுறைகளிடம். "உனக்கு எப்படித் தெரியும் பெண்ணே, வருத்தப்படாதே என்று சொன்னார். அவர்தான் என்னைத் தேற்றினார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து எல்லாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். குட், குட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்."

எழுந்து போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. அவள் சுவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நானும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, டப்பா மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தை வைத்து அவள் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கையுறைப் பெட்டிகளைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தோம். மறுநாள் அந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போன் செய்தோம். அவள் பேசினாள், நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு போன் செய்யும் முன் ஆள் இருக்கிறாரா என்று மருத்துவமனைப் பதிவைப் பார்ப்பதையும் வழக்கமாக்கினோம்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நாம் நாள் முழுக்க அடுத்தவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். தலைவலி உண்டா, தூக்கம் உண்டா, மனச்சோர்வு உண்டா என்று வரிவரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். பக்கத்து மேசையில் இருப்பவளிடம் கேட்கும்போது மட்டும் பதிலுக்கு நிற்காமல் நடந்துகொண்டே கேட்கிறோம். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாதவர்கள் உண்டு. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாலும் நின்று கேளுங்கள். முகத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள்.

சிவபாலன் அண்ணா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆய்வு முடிந்த பிறகு, தனக்குப் போட்டது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குச் சொல்லலாம் என்று அனுமதி வந்தது. ரேச்சல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அவரிடம் மட்டும் பேச்சு சரியாக நடக்கவில்லை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. அதற்காகத்தானே அந்த மனிதர் அத்தனை மாதம் என் முகத்தைத் துரத்தினார்.

பிறகு ஒருநாள் ஹோம்புஷில் தோசை சாப்பிடப் போய்விட்டு ரயில் நிலையப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஏறிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. என்னைக் கண்டதும் நின்றார்.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி இண்டைக்கு நான் இந்தப் படியில நிக்கமாட்டன். அது எனக்குத் தெரியும்" என்றார். "எண்டாலும் கோவம் கோவம்தான்."

கோபம் இருக்கட்டும் அண்ணா, கால் இருக்கிறதே என்றேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். இன்னும் மூன்று மாடியும் நிற்காமல் ஏறுவதாகச் சொன்னார். ஊசி நின்று எத்தனை காலம் ஆகிவிட்டது. எனக்குள் என்ன ஓடியதோ, அது நெற்றிக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"வேண்டாம், என்னைப் பாராதேயுங்கோ. தண்ணி எண்டு தெரிஞ்சா நாளைக்கே முழங்கால் நோகத் தொடங்கிடும். மருந்து எண்டு தெரிஞ்சா, இப்ப மருந்து இல்லை எண்டு நோகும்."

படிச் சுவரில் ரயில் நேர அட்டவணை இருந்தது. அதன் பக்கம் திரும்பிக்கொண்டு, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஓம், சுகமாக இருக்கிறாள், உப்பு மட்டும் இன்னும் போடுகிறாள் இல்லை என்றார் பின்னாலிருந்து. ஒரு ரயிலை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஓய்வு பெற்ற அன்று டீரூமில் கேக் வைத்தார்கள். டாக்டர் பேசினார், வழக்கம் போல நீளமாக. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று புதியவர்களை எச்சரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து ரேச்சல் எழுந்தாள். கையில் எழுதிவைத்த காகிதம் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தாள், மடித்தாள், பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த மாதங்களில் ஸ்டோர் ரூமில் நீ தனியாகச் சாப்பிட்டது எனக்குத் தெரியும்" என்றாள். "பல நாள் என் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறேன். நீ டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்கும். தட்டினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். மருந்து தெரிந்துவிடும் என்று இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன்."

அவள் தோள்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் போய் அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். எங்கள் பின்னால் டாக்டர் கேக் தட்டோடு வந்து, தானும் திரும்ப வேண்டுமா என்று மெல்லக் கேட்டார்.